எல்லா ஏச்சும் ஒரே ஏச்சா?

திருநெல்வேலிக்காரனுக்கு ஏசாமல் பேச வராது என்று வெளியூர்க்காரர்கள் சொல்வதுண்டு. பாதி உண்மைதான். மூதி, சவம், கூறுகெட்டவன், பேதில போவான், கட்டையில போவான் என்று இந்த வட்டாரத்து ஏச்சுக் கையிருப்பு பெரியது. அதில் பெரும்பகுதி பாசத்துக்குத்தான் செலவாகிறது. வண்ணார்பேட்டை டீக்கடையில் ரெண்டு கூட்டாளிகள் பல மாதம் கழித்துச் சந்தித்தால் நலம் விசாரிப்பே "ஏலே மூதி, எங்கலே தொலஞ்ச?" என்றுதான் ஆரம்பிக்கும். சாப்பிட வராமல் விளையாடிக்கொண்டிருக்கும் பேரனை ஆச்சி "பேதில போறவன்" என்று கூப்பிடுவாள். காலரா ஊரைக் காலி செய்த காலத்துச் சாபம் அது என்று அவளும் நினைப்பதில்லை, பேரனும் நினைப்பதில்லை.

அதே 'ஏலே'யை, வரப்பில் வந்துகொண்டிருக்கும் அறுபது வயதுக்காரரைப் பார்த்து நிலக்காரர் வீட்டுப் பன்னிரண்டு வயதுப் பையன் சொன்னால் கதை வேறு. "ஏலே மாடசாமி, அப்பா ஒன்னய வரச் சொன்னாவ." இதில் கெட்ட வார்த்தை கிடையாது, சாதிப் பெயர் கிடையாது, கோபம்கூடக் கிடையாது. அப்பாவுக்கு மரியாதையாக 'சொன்னாவ' (சொன்னாங்க), மாடசாமிக்கு 'ஏலே'. யார் எங்கே நிற்க வேண்டும் என்பது அந்த ஒரு வரியில் முடிந்துவிட்டது. ஆற்றுப் பாசன ஊர்களில் ஒரு தலைமுறைக்கு முன்புவரை இது அன்றாடப் பேச்சு. இன்றைக்குக் குறைந்திருக்கிறது, ஒழிந்துவிடவில்லை. எந்தச் சட்டப் பிரிவாலும் பிடிக்க முடியாத அவமானம் இது. வினைச்சொல்லின் வாலுக்கு யார் வழக்குப் போடுவது?

ஆனால் பட்டவர்களுக்கு அதன் கனம் தெரியும். 1981 பிப்ரவரியில், அன்று நெல்லை மாவட்டத்திலும் இன்று தென்காசி மாவட்டத்திலும் உள்ள மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கணக்கான பட்டியல் சாதி மக்கள் இஸ்லாத்துக்கு மாறியபோது நாடே பரபரத்தது. டெல்லியிலிருந்து தலைவர்கள் வந்தார்கள், வளைகுடாப் பணம் விளையாடுகிறது என்றார்கள். மாறியவர்கள் தரப்பில் சொன்ன காரணங்களில் டீக்கடை உண்டு, போலீஸ் கெடுபிடி உண்டு, அவற்றோடு இந்தக் கூப்பிடும் முறையும் உண்டு. நேற்றுவரை 'ஏலே, வாலே' என்றவர்கள் 'வாங்க பாய்' என்கிறார்கள் என்பதை ஒரு பெரிய லாபமாகவே அவர்கள் கணக்கில் எழுதினார்கள்.

ஏச்சுகளை சமூகம் ஒரே தட்டில் வைத்து நிறுக்கிறதா என்று கேட்டால், இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த பதில். எதை வைத்து நிறுக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. எனக்குத் தெரிந்து இங்கே இரண்டு அளவுகோல்கள் புழங்குகின்றன. ஏச்சுக்குப் பின்னால் என்ன வரும் என்று சட்டம் பார்க்கிறது. ஏச்சு வாங்கியவனுக்குப் பின்னால் யார் வருவார்கள் என்று தெரு பார்க்கிறது. இந்த இரண்டும் பல இடங்களில் ஒன்றுக்கொன்று எதிராகவே ஓடுகின்றன.

சட்டத்தின் அளவுகோலைப் பற்றித் தென்மாவட்டத்தில் ஒரு நிரந்தரப் புகார் உண்டு. "எங்க சாதியச் சொல்லி ஏசுனா கேஸ் இல்ல, நாங்க சொன்னா மட்டும் பிசிஆரா?" கல்யாண வீட்டுப் பந்தியிலும் கேட்கலாம், வக்கீல் ஆபீஸ் பெஞ்சிலும் கேட்கலாம். பிசிஆர் என்பது 1955-ஆம் ஆண்டு தீண்டாமைக் குற்றச் சட்டம், 1976-ல் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியபோது ஒட்டிக்கொண்ட ஆங்கில முதலெழுத்துகள். இன்று ஜனங்கள் அந்தப் பெயரில் சொல்வது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை. பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த ஒருவரைப் பிறர் பார்வையில் படும் இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினாலோ, சாதிப் பெயரைச் சொல்லி ஏசினாலோ ஆறு மாதத்திலிருந்து ஐந்து ஆண்டு வரை சிறை. டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். முகாந்திரமே இல்லாத வழக்கு என்று நீதிமன்றம் கருதினாலொழிய முன்ஜாமீன் கிடையாது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதைத் தளர்த்தியபோது நாடு முழுக்கப் போராட்டம் வெடித்து, அதே ஆண்டில் நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்து பழைய இறுக்கத்தை மீட்டது. 2020-ல் அந்தத் திருத்தம் செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

புகார் சொல்பவருக்கு வேறு வழியே இல்லை என்பது சரியல்ல. சாதி, மதம், மொழி, பிறந்த இடம் இவற்றின் பேரில் பகை மூட்டினால் முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 153ஏ இருந்தது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-வது பிரிவு இருக்கிறது. எந்தச் சாதிக்காரரும் அதைக் கேட்கலாம். ஆனால் முன்ஜாமீன் மறுக்கப்படும் அந்தப் பயம் இதில் இல்லை என்பது உண்மை. ஏன் இந்த ஓரவஞ்சனை என்பவர்களுக்கு, 2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் நடந்ததைவிடத் தெளிவான பதில் இல்லை. பிளஸ் டூ படிக்கும் பட்டியல் சாதி மாணவனை உடன் படித்த ஆதிக்க சாதிப் பையன்கள் தொடர்ந்து சீண்டினார்கள். அவன் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினான். ஆசிரியர்கள் காரணம் கேட்டார்கள், நடந்ததைச் சொன்னான். அன்றிரவே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கச்சிக்கும் வெட்டு. அதே ஆண்டு அக்டோபர் கடைசியில் மணிமூர்த்தீஸ்வரத்தில், ஆற்றில் குளித்துவிட்டு வந்த இரண்டு பட்டியல் சாதி இளைஞர்களை ஒரு கும்பல் மறித்து, யார், என்ன சாதி என்று விசாரித்துவிட்டுத்தான் அடித்தது, அவர்கள் மேல் சிறுநீர் கழித்தது.

இரண்டிலும் அடிக்கு முன்னால் பேச்சு இருந்தது. அந்தப் பேச்சிலேயே நிறுத்திவிட வேண்டும் என்பதுதான் 1989 சட்டத்தின் கணக்கு. பட்டியல் சாதிப் பையன் பதிலுக்குச் சொல்லும் சாதிப் பெயருக்குப் பின்னால் பெரும்பாலும் அந்தப் பெயர் மட்டும்தான் இருக்கிறது. பின்னால் வரக்கூடியது சமமாக இல்லாதபோது தண்டனையைச் சமமாக்கு என்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

இவ்வளவு கடுமையான சட்டத்திலும் ஓட்டைகள் உண்டு. 'பிறர் பார்வையில் படும் இடம்' என்பது முதல் ஓட்டை. நான்கு சுவருக்குள், வெளியாள் யாரும் இல்லாத நேரத்தில் ஏசினால் இந்தப் பிரிவு பொருந்தாது என்று 2020-ல் உத்தராகண்ட் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வீட்டு வேலை, பம்ப்செட் ரூம், அரிசி ஆலை, கடையின் பின்கட்டு என்று ஏச்சு அதிகம் விழும் இடங்கள் எல்லாம் சுவருக்குள்தான் இருக்கின்றன. அங்கே சாட்சியாக இருப்பவர்களும் அதே முதலாளியிடம் சனிக்கிழமை சம்பளம் வாங்குகிறவர்கள்.

இரண்டாவது ஓட்டை நெல்லைச் சீமைக்கென்றே அளந்து வைத்தது போலிருக்கும். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து மதத்தில் இருப்பவரே பட்டியல் சாதி. 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. மிஷனரிகள் கால் வைக்காத ஊர் அபூர்வமாக உள்ள இந்த மாவட்டத்தில், ஒரே தெருவில் அண்ணன் சுடலைமாடன் கோயிலுக்கு வரி கொடுப்பார், தம்பி சிஎஸ்ஐ கோயிலுக்குச் சங்கக் காணிக்கை கொடுப்பார். தெருமுனையில் இரண்டு பேரையும் நிறுத்தி ஒரே ஆள் ஒரே வார்த்தையால் ஏசினால் அண்ணனுக்கு வன்கொடுமைச் சட்டம் உண்டு. தம்பி சர்டிபிகேட்டில் பிற்படுத்தப்பட்டவர், ஆகவே கிடையாது. ஏசுகிறவன் என்றைக்காவது ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டுவிட்டு ஏசியிருக்கிறானா? மதம் மாறியவர்களுக்கு இந்தத் தகுதியைத் தரலாமா என்று ஆராய 2022-ல் மத்திய அரசு ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையம் போட்டது. தெருமுனையில் நிற்கும் தம்பிக்கு ஆணையத்தால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது.

மூன்றாவது, ஏசுபவரும் பட்டியல் சாதியாக இருந்தால் இந்தச் சட்டத்துக்கு வேலை இல்லை. குற்றங்களை அடுக்கும் அதன் மூன்றாவது பிரிவு 'பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத எவரேனும்' என்றுதான் தொடங்குகிறது. பட்டியலுக்குள்ளேயே ஏணி இருக்கிறது. அருந்ததியர், அவர்களுக்கும் கீழே தள்ளப்பட்ட புதிரை வண்ணார் என்று அந்த ஏணி இறங்கும். பட்டியல் சாதிகளின் துணியை வெளுத்துக்கொடுத்து, அந்தத் தெருக்களிலேயே 'ஏலே' கேட்டு வளர்ந்த ஒரு புதிரை வண்ணாருக்கு அந்த 'ஏலே' வருவது பட்டியல் சாதித் தெருவிலிருந்தே. மிச்சம் இருப்பது 1955-ஆம் ஆண்டின் பழைய சட்டம்தான். நிஜமான பிசிஆர். அதைத் தேடி எடுத்துப் பிரிவு போடுகிற எழுத்தர் எந்த ஸ்டேஷனில் இருக்கிறார் என்று தெரியவில்லை.

சட்டம் பொருந்துகிற இடத்திலும் தெருவின் அளவுகோல் உள்ளே நுழைந்துவிடுகிறது. புகார் போன அன்றே எதிர்த்தரப்பு ஒரு கவுண்டர் கேஸ் கொடுக்கும். தங்கச் சங்கிலியைப் பறித்தான், பொம்பளைப் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்தான் என்று ஏதாவது ஒன்று. ரெண்டு பக்கமும் வழக்கு, ரெண்டு பக்கமும் அலைச்சல். பிறகு ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள். "நாளைக்கு ஒரே ரோட்டுலதானய்யா நடக்கணும், ராசியாப் போயிருங்க" என்பார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவரிடம் போய்க் கேட்டால், பயந்து போனேன் என்று சொல்ல மாட்டார், பிள்ளைக்குப் பரீட்சை இருக்கிறது என்பார்.

பெண்கள் மேல் விழும் ஏச்சுக்கு இந்த ராசியும்கூட வேண்டியதில்லை. அது கணக்கிலேயே வராது. தமிழில் ஆம்பளையை ஏசுகிற கெட்ட வார்த்தைகளில் முக்கால்வாசி அவன் அம்மாவின் மேலோ அக்காவின் மேலோதான் போய் விழுகின்றன. சண்டைக்கு சம்பந்தமே இல்லாமல் வீட்டில் மாவு ஆட்டிக்கொண்டிருப்பவள் தெருவில் அசிங்கப்படுகிறாள். 'அறுதலி' என்று புருஷன் செத்தவளைச் சொல்வதும், 'மலடி' என்று பிள்ளை இல்லாதவளைச் சொல்வதும் குழாயடியில் இன்னும் காதில் விழும். பெண்களே பெண்களைச் சொல்வதால் அது பெண்கள் பிரச்சினை என்று ஆம்பளைகள் கைகழுவிவிடுவார்கள்.

சட்டம் என்ன செய்கிறது? தமிழ்நாட்டு முதல் தகவல் அறிக்கைகளில் 294(பி) என்ற பிரிவு ஏறக்குறைய அச்சடித்தது போல வரும். பொது இடத்தில் ஆபாசமாகப் பேசியதற்கான பிரிவு, அதிகபட்சம் மூன்று மாதம். இப்போது அதன் எண் 296. புகாரில் 'தகாத வார்த்தைகளால் திட்டி' என்று எழுதிவிட்டால் பிரிவு தானாக விழும். ஆனால் வழக்கு மேலே போனால் நிற்காது. 2022 அக்டோபரில் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், வெறுமனே வசைச்சொல்லோ இழிவான சொல்லோ ஆபாசம் ஆகிவிடாது, சொன்ன வார்த்தை இன்னதென்று பதிவில் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். நடைமுறையில் அதன் அர்த்தம், ஏச்சு வாங்கிய பெண் அந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாக, மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஏட்டய்யாவிடம் தன் வாயால் சொல்ல வேண்டும். கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் மனுநாளன்று மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பவர்களிடம் இதைப் பார்க்கலாம். "என்ன சொன்னான்னு சொல்லும்மா, எழுதணும்லா" என்று அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டிருப்பார். அந்த அம்மா கூட வந்த மகனைப் பார்ப்பாள், தலையைக் குனிவாள். "அசிங்கமாப் பேசிட்டான்னு போடுங்கய்யா." அந்த இடத்திலேயே வழக்கு பாதி தோற்றுவிட்டது.

அரசியல் மேடையிலும் இந்தத் தராசு தெரியும். 2022-ல் மகளிர் இலவசப் பேருந்தில் ஓசியில் போகிறீர்கள் என்ற பேச்சுக்காக அமைச்சர் பொன்முடி வருத்தம் தெரிவித்தார், அத்தோடு முடிந்தது. 2025 ஏப்ரலில் பாலியல் தொழிலாளியை வைத்து அவர் சொன்ன ஒரு கொச்சைக் கதையில் சைவமும் வைணவமும் சேர்ந்து அடிபட்டன. முதலில் கட்சிப் பதவி போனது, மாதம் முடிவதற்குள் அமைச்சர் பதவியும் போனது. கதையில் பட்டையும் நாமமும் வராமல் பெண் மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

உடல் குறையைச் சொல்லி ஏசுவதற்கு வருவோம். தராசின் கோணல் இங்கேதான் அப்பட்டமாகத் தெரிகிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92-வது பிரிவு, மாற்றுத்திறனாளி ஒருவரைப் பிறர் பார்வையில் படும் இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் ஆறு மாதத்திலிருந்து ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. வன்கொடுமைச் சட்டத்தின் வாசகம் கிட்டத்தட்ட அப்படியே. தண்டனை அதே அளவு. சாதிப் பெயரைச் சொல்லுமுன் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தணிக்கிற அதே மனிதர், அடுத்த நிமிஷம் "அந்த நொண்டிப்பய கடைக்குப் பக்கத்துல" என்று சத்தமாக வழி சொல்வார். இரண்டுக்கும் சட்டத்தில் ஒரே விலை என்று சொன்னால் சிரிப்பார்.

நம் ஊர்களில் பட்டப்பெயர் வைப்பது ஒரு கலை. ஒரே தெருவில் ஏழு முருகன் இருந்தால் அடையாளம் வேண்டும், ஒருவன் செவிட்டு முருகன், ஒருவன் திக்குவாய் முருகன். இருபது வருஷம் கழித்து அவன் பிள்ளை 'செவிடன் மகன்' ஆவான். பிள்ளைக்குக் காது நன்றாகவே கேட்கும். கேட்டால், "அதுல என்ன இருக்கு, அவனே ஒண்ணும் நெனைக்க மாட்டான்" என்பார்கள். அவன் ஒன்றும் சொல்வதில்லை என்பது சரி. சொன்னால் அடுத்த நாளிலிருந்து 'ரோஷக்காரச் செவிடன்' என்று ஒரு சொல் கூடும் என்பது அவனுக்குத் தெரியும். 92-வது பிரிவை வைத்துப் புகார் கொடுக்கப் போனால், கிண்டலுக்கெல்லாமா கேஸ் போடுவது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். இந்தச் சட்டத்தில் முன்ஜாமீன் தடை இல்லை, டிஎஸ்பி வர வேண்டியதில்லை. அதைவிட முக்கியம், செவிட்டு முருகனுக்காக நாளைக் காலையில் பஸ்ஸை மறிக்கப் போகிறவர்கள் யாரும் இல்லை.

எந்த வார்த்தை சொல்லக்கூடாத வார்த்தையாகிறது என்பதில் இந்த மறியல் சங்கதிக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. இடையன்குடியில் இருந்து ஊழியம் செய்த கால்டுவெல் 1849-ல் அங்குள்ள பனையேறும் மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதினார், 'சாணார்' என்று அன்றைய பெயரைத் தலைப்பிலேயே போட்டு. அவர்களுடைய அறிவு, பழக்கம், வழிபாடு எல்லாமே அதில் இளக்காரமாகத்தான் வந்தன. தமிழுக்கு அவர் செய்தது வேறு கணக்கு, இது வேறு கணக்கு. எழுதிய காலத்தில் எதிர்த்துக் கேட்க ஆள் இல்லை. மிஷன் பள்ளிகளிலேயே படித்து அடுத்த தலைமுறை எழுந்து வந்தபோது கேட்டார்கள். மறுப்பு நூல்கள் அச்சாயின, மனுக்கள் பறந்தன, நூல் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டது. 1899-ல், அன்று திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த சிவகாசியில் கோயில் நுழைவை ஒட்டிக் கலவரம் நடந்தது. 1910-ல் நாடார் மகாஜன சங்கம் வந்தது. 1921-ல் அரசாங்கப் பதிவுகளில் 'நாடார்' ஏறியது. இன்று அந்தப் பழைய பெயரைப் பொது இடத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வன்கொடுமைச் சட்டம் அதற்குத் துணை இல்லை. அவர்கள் பட்டியல் சாதியே இல்லை. பள்ளிக்கூடம், வணிகப் பேட்டை, மகமை என்ற பொது நிதி, வங்கி என்று திரண்ட பலம்தான் அந்தச் சொல்லைத் தெருவிலிருந்து எடுத்தது.

சரியாக நூறு வருஷம் கழித்து, 2021 மார்ச்சில் நாடாளுமன்றம் ஏழு பட்டியல் சாதிப் பிரிவுகளைத் தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரே பெயரில் சேர்த்துச் சட்டம் இயற்றியது. பழைய பெயர்களே ஏச்சாகிவிட்டன என்று பல பத்தாண்டுகளாக நடந்த போராட்டத்தின் பலன் அது. நடுவில் ஒரு தமாஷும் உண்டு, துக்கமான தமாஷ். 1997-ல் விருதுநகரில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தபோது, அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பி அது கலவரமாயிற்று. பெயரில் யாரையும் குறைத்துச் சொன்ன ஒரு எழுத்து இல்லை. ஒரு பட்டியல் சாதி வீரனின் பெயர் மரியாதையோடு எழுதப்பட்டிருந்ததே சிலருக்கு ஏச்சாகப் பட்டது. கடைசியில் அரசு எல்லாத் தலைவர்களின் பெயரையும் மாவட்டங்களிலிருந்தும் பஸ்களிலிருந்தும் அழித்தது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் மறுபடி திருநெல்வேலி ஆனது அப்படித்தான்.

திரள முடியாதவர்கள் பட்டியல் நீளமானது. திருநங்கையர் மேல் வீசப்படும் 'ஒம்போது' பஸ் ஸ்டாண்டில் இன்னும் ஓயவில்லை. 2019-ல் வந்த சட்டம், சொல்லால் செய்யும் கொடுமையையும் சேர்த்து அவர்களுக்கு எதிரான வன்முறைக்கு அதிகபட்சமாக இரண்டு ஆண்டுதான் வைத்தது. கறுப்பு என்று சொல்லிப் பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் போவதற்கு எந்தச் சட்டமும் இல்லை. இருக்க வேண்டும் என்று நானும் சொல்லவில்லை.

வடக்கேயிருந்து வந்து கங்கைகொண்டானிலும் பாளையங்கோட்டை ஹோட்டல்களிலும் வேலை பார்க்கும் பையன்களைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 'வடக்கன்' என்று அவன் எதிரிலேயே சொல்லலாம், அவனுக்குப் புரிந்தாலும் ஒன்றும் ஆகாது. மும்பை தாராவியில் பாதி நெல்லைச் சீமை இருக்கிறது. 1960-களில் சிவசேனை 'லுங்கியை விரட்டு' என்று கிளம்பியபோது 'மதராஸி' என்று அடிவாங்கியவர்களின் அண்ணன் தம்பிகள்தான் இங்கே டீ குடித்துக்கொண்டிருப்பவர்கள். அந்தக் கதையை உருக்கமாகச் சொல்லிக்கொண்டே, "டேய் வடக்கா, ரெண்டு டீ எடு" என்று நடுவில் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பள்ளிக்கூடங்களுக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று பார்க்க, நாங்குநேரிக்குப் பிறகு நீதிபதி கே.சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கைக்கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு என்று சாதியைக் காட்டும் எதுவும் வேண்டாம், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, ஆசிரியர் மாணவனை நேராகவோ மறைமுகமாகவோ சாதியைக் குறித்துக் கூப்பிடக் கூடாது என்று அதில் பல பரிந்துரைகள். இதில் 'மறைமுகமாக' என்ற சொல்லைச் சேர்த்தவருக்குத் தென்மாவட்டம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. இங்கே சாதியைச் சாதிப் பெயரால் சொல்பவன் விவரம் தெரியாதவன். ஊர் பெயர், தெருப் பெயர், கயிற்றின் நிறம், கும்பிடும் சாமி போதும்.

வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தைகூட வராமல் நடக்கும் ஒதுக்கலைப் பற்றித்தான் நாம் மிகக் குறைவாகப் பேசுகிறோம். நெல்லை டவுனிலும் பாளையங்கோட்டையிலும் வாடகைக்கு வீடு தேடினால் தெரியும். போர்டில் 'சைவம் மட்டும்' என்றிருக்கும். கறி சமைக்க மாட்டேன் என்று ஒரு முஸ்லிம் வாத்தியார் எழுதிக் கொடுத்தாலும் அந்த வீடு கிடைக்காது. வீட்டுக்காரர் ஏச மாட்டார். காபி கொடுப்பார், சொம்பில் தண்ணீர் கொடுப்பார், 'வாங்க, இருங்க' என்று மரியாதை குறையாது. "சொந்தத்துல ஒருத்தர் கேட்டிருக்காவ, அவுகளுக்குச் சொல்லியாச்சு" என்பார். அடுத்த மாதமும் போர்டு தொங்கும். தெருவில் சாதிப் பெயரைச் சொல்லி ஏசியவன் மேலாவது வழக்குப் போடலாம் என்று ஓர் ஆறுதல் உண்டு. தனியார் வீட்டு வாடகையில் காபி கொடுத்து அனுப்பியவரைப் பிடிக்க நம்மிடம் பிரிவு இல்லை. இரண்டில் எது அதிக நாள் வலிக்கும் என்று, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க முகவரி இல்லாமல் ஜூன் மாதம் அலைந்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று முதல்வர் ஸ்டாலின் சட்டசபையில் அறிவித்தார். அதே ஆண்டு ஜூலையில் பாளையங்கோட்டை கேடிசி நகரில் பட்டியல் சாதி ஐடி ஊழியர் ஒருவர் காதலின் பேரில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். அக்டோபரில் தெருக்களின் சாதிப் பெயர்களை மாற்ற அரசாணை வந்தது. போர்டுகளை மாற்றுவது நல்லதுதான், மனுவில் முகவரி எழுதும்போது கை கூசாமல் இருக்கும். வீடு பார்க்கப் போன இடத்தில் கேள்வி இப்போதைக்கு மாறவில்லை. எந்த ஊர் என்று கேட்பார்கள், சொன்னதும் அடுத்தது, "ஊருக்குள்ளயா, இல்ல கொஞ்சம் தள்ளியா இருக்கீய?"